ஐந்தாம் பாத்தி

நட்ட இரண்டாம் நாள்

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

இங்கு நானும் நம் மகள் வாயாடியும் நலம். நீ நலமா என்று கேட்டால் ஒரே வரியில் 'நலம்' என்று முடித்துவிட்டு, மீதி மூன்று பக்கமும் நாற்பத்தேழின் உடல்நிலையைப் பற்றி எழுதுவாய் என்று தெரியும். இருந்தாலும் கட்டிய புருஷன் கேட்கிறேன். நீ நலமா? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? பரிசோதனைக் கூடத்தில் போடுகிற வெள்ளை அங்கியோடு அப்படியே படுத்துத் தூங்கிவிடுகிறாய் என்று உன் அறைத்தோழி போனில் வாயாடியிடம் போட்டுக்கொடுத்துவிட்டாள்.

வாயால் சொல்வதெல்லாம் சோதனைக் கணக்கில் சேராது, நட்டு எத்தனாம் நாள் என்ன செய்தீர்கள் என்று எழுதியே அனுப்ப வேண்டும் என்று நீ கறாராகச் சொல்லிவிட்டாய். அதனால் பேனாவைக் கையில் எடுத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் உனக்கு எழுதியதுதான் கடைசி. அதில் பொய் நிறைய இருந்தது. இதில் இருக்காது.

நேற்று நடவு முடிந்தது. இரண்டு நாற்றங்கால், இரண்டு தார்ப்பாய், இரண்டு வாளி. ஒன்றில் பட்டது இன்னொன்றில் படாமல் பார்த்துக்கொண்டேன். சண்டை போட்ட சம்பந்திகளை ஒரே அறையில் உட்காரவிடாமல் சமாளிக்கிற வேலைதான். நீ அனுப்பிய நாற்பத்தேழுப் பொடியில் புரட்டிய விதையின் நாற்றைப் பறித்து, வேரை அலசி, பொடி கரைத்த தண்ணீரில் அரை மணி நேரம் நிறுத்தினேன். கையில் கடிகாரத்தோடு நான் காவல் நின்றதைப் பார்த்து, நடவுக்கு வந்த பெண்கள் நாற்றுக்குக் கால்வலியா என்று கேட்டுச் சிரித்தார்கள். ஆமாம், நின்று நின்று வலிக்கிறதாம் என்றேன்.

சிரித்தேனே தவிர, குனிந்து அந்தத் தண்ணீரைப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அரிசி களைந்த தண்ணீர் போல வெளுப்பாக இருந்தது, அவ்வளவுதான். ஒரு சிட்டிகைப் பொடியில் கோடிக்கணக்கில் உயிர் இருக்கிறது என்று நீ சொன்னாய். ஒரு வாளியில் எத்தனை என்று மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். பாதியிலேயே எண் தீர்ந்துபோயிற்று. அத்தனையும் இந்த வயலிலிருந்து போனவைதான் என்பதை நினைத்தால்தான் இன்னும் ஆச்சரியம்.

போன வருஷம் நெற்பயிரில் குலைநோய் விழுந்து, வயல் முழுக்க நெருப்பு வைத்த மாதிரி கருகி நின்றது. கிழக்குக் கோடியில் ஒரு பாய் விரிக்கிற அகலத்துக்கு மட்டும் பயிர் பச்சையாக நின்றதே, அதை முதலில் பார்த்தவன் நான்தான். பார்த்து, ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நீயும் பார்த்தாய். மண்வெட்டியோடு போய் இரண்டு தூரை வேர்மண்ணோடு பெயர்த்து, ஈரத்துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனாய். வீணாய்ப்போன வயலில் எதைத் தோண்டுகிறாய் என்று நான் கத்தினேன். 'இவ்வளவு செத்துக் கெடக்கு, இது மட்டும் ஏன் சாகலன்னு கேக்க வேணாமாங்க?' என்றாய்.

அந்தப் பரிசோதனைக் கூடத்துக்குக் கண்ணாடிப் பாத்திரம் கழுவுகிற வேலைக்குப் போனவள் நீ. அந்த மண்ணிலிருந்த நுண்ணுயிர்களை ஒவ்வொரு வகையாகப் பிரித்து வளர்த்து, பயிரைக் காப்பாற்றியது எது என்பதை நாற்பத்தேழாவது வகையில் கண்டுபிடித்தாய். நானும் வாயாடியும் உன்னைப் பார்க்க வந்தபோது காட்டினாயே, அந்தத் தட்டு என் கண்ணைவிட்டுப் போகவே இல்லை. குலைநோய்ப் பூஞ்சை சாம்பல் நிறப் பஞ்சாகப் படர்ந்து வருகிறது. நடுவே நாற்பத்தேழை ஒரு கோடாக இழுத்து வைத்திருந்தாய். பஞ்சு நாலா பக்கமும் வந்து, கோட்டுக்கு ஒரு நக அகலம் தள்ளியே நின்றுவிட்டது. இடையில் சுவர் இல்லை, வேலி இல்லை. பிறகு ஊதா விளக்கைப் போட்டாய். கோடு மஞ்சளும் பச்சையுமாக ஒளிர்ந்தது. நம் வாயாடியே இரண்டு நிமிஷம் பேசாமல் நின்றாள் என்றால் பார்த்துக்கொள்.

அந்த ஒளிர்கிற பொருள்தான் மண்ணிலிருக்கும் இரும்பைப் பிடித்துக்கொள்கிறது, பூஞ்சைக்கு இரும்பு கிடைக்காமல் பட்டினி கிடக்கிறது என்று விளக்கினாய். கடப்பாரையில் இருக்கிற இரும்பா என்று கேட்டேன். உன்கூட வேலை செய்கிறவர்கள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. 'அதே இரும்புதாங்க. கண்ணுக்குத் தெரியாத அளவு' என்றாய். இருபத்தைந்து வருஷமாக அதை மிதித்துக்கொண்டே மேலேயும் கீழேயும் நடந்திருக்கிறேன்.

வயலை ஆறு பாத்தியாகப் பிரித்து, இடையில் வரப்புப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி மடை விட்டாயிற்று. அடுத்தடுத்த இரண்டு பாத்தி ஒரு ஜோடி. ஒன்றுக்கு நாற்பத்தேழு, மற்றதற்கு வெறும் தண்ணீர். எதற்கு எது என்று நாம் முடிவு செய்யக் கூடாது, சீட்டுப் போட வேண்டும் என்றாய் இல்லையா? வாயாடி சீட்டெடுத்தாள். இரண்டு, மூன்று, ஐந்து ஆகிய பாத்திகளுக்கு வெறும் தண்ணீர். ஐந்தாம் பாத்தி எது தெரியுமா? வாய்க்காலை ஒட்டி, எல்லாவற்றுக்கும் முன்னால் தூர் கட்டுகிற செல்லப் பாத்தி. வயிறு எரிந்தது. இன்னொரு தடவை எடுக்கலாம் என்றேன். 'அப்பா, அது கள்ளாட்டம்' என்று சீட்டையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டாள். உன் பெண் உன்னைத்தான் கொண்டிருக்கிறாள்.

கடைசியாக ஒன்று. உன் போன கடிதத்தின் நடுவில் ஒரு செய்தியைப் பொதித்து வைத்திருந்தாய். மூன்று ஜோடியிலும் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தால், நாற்பத்தேழைப் பல ஊர் வயல்களில் நட்டுப் பார்ப்பார்கள், அதுவரை அதைச் சாகாமல் காப்பாற்றுவது உன் பொறுப்பு, இன்னும் இரண்டு வருஷம் நீ அங்கே இருக்க வேண்டும். தெரியாவிட்டால் இந்த அறுவடையோடு திட்டத்தை மூடிவிடுவார்கள், நீ வீட்டுக்கு வந்துவிடுவாய். இதை உங்கள் கூடத்து இயக்குநர் அம்மா சொன்னதாக எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே இங்கே மழை பெய்கிறது என்று எழுதியிருந்தாய். நான் எதற்கு ஆசைப்பட வேண்டும் என்பதையும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

தவறு நடந்தால் மறைக்காமல், அந்த இடத்தில் ஒரு குச்சி நட்டு, நாளைக் குறித்து வையுங்கள் என்று சொல்லியிருக்கிறாய். நான் ஏன் தவறு செய்யப்போகிறேன்? உடம்பைப் பார்த்துக்கொள்.

இந்தப் பருவத்துக்கு மட்டும் உன் பேச்சைக் கேட்பதாக ஒப்புக்கொண்ட,
உன் கணவன்


நட்ட நாற்பதாம் நாள்

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

நலம். உன் கடிதமும் அடுத்த தெளிப்புக்கான பொடியும் வந்து சேர்ந்தன. பொடியை வெயில் படாமல் உள் அறையில் அரிசி டின்னுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். டின்னின் மேல் வாயாடி 'உயிர் இருக்கிறது, தட்டாதே' என்று எழுதி ஒட்டிவிட்டாள். இரண்டு நாளாக நானும் அந்த அறையில் மெதுவாகத்தான் நடக்கிறேன்.

ஒரு வாரமாகக் காலையில் வெயில் முகமே காட்டவில்லை. மூடுபனியும் தூறலும் மாறி மாறி. பத்து மணி ஆகியும் இலையில் ஈரம் காயவில்லை. இந்த வானத்தைப் பார்த்தாலே எனக்குக் குலைநோய் நினைப்புதான் வரும் என்று உனக்குத் தெரியும். நினைத்தபடியே ஆயிற்று. முந்தாநாள் ஐந்தாம் பாத்தியில் முதல் புள்ளியைப் பார்த்தேன். இரண்டு முனையும் கூர்மையாக, நடுவில் சாம்பல் பூத்து, ஓரம் பழுப்பாக, ஒரு கண் மாதிரி. அது என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன். நேற்று இரண்டிலும் மூன்றிலும் கண் திறந்துவிட்டது. ஒன்று, நான்கு, ஆறு ஆகிய நாற்பத்தேழுப் பாத்திகளில் தேடித் தேடிப் பார்த்ததில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். அறவே இல்லை என்று எழுத மாட்டேன். உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லியிருக்கிறாய்.

நேற்று மாலை வெயில் தாழ்ந்த பிறகு தெளித்தேன். முதலில் வெறும் தண்ணீர்ப் பாத்திகள், அப்புறம்தான் நாற்பத்தேழு. தெளிப்பானை முதுகில் கட்டிக்கொண்டு, நோய் விழுந்த பயிருக்கு வெறும் தண்ணீரை அடிக்கிறேன். ஒரு விவசாயியை இதைவிட அசிங்கப்படுத்த முடியாது. பக்கத்து வயல்காரர், நம் ரேடியோதான், வரப்பில் நின்று என்ன மருந்து என்று கேட்டார். தண்ணீர் என்றேன். 'தண்ணியில நிக்கிற பயிருக்குத் தண்ணி தெளிக்கிறியா?' என்றார். இன்று விடிந்ததும் டீக்கடையில் அதுதான் தலைப்புச் செய்தி. உன் வீட்டுக்காரனுக்கு மனைவி ஊரில் இல்லாததால் புத்தி கொஞ்சம் பிசகிவிட்டதாகவும் அதில் ஒரு துணுக்கு.

உன் தம்பி வந்தான். மருந்துக்கடை மச்சானிடமே மருந்து வேண்டாம் என்று சொல்லும் அத்தான் நான் ஒருத்தன்தான் இருப்பேன். காசு வேண்டாம் என்று இரண்டு பாட்டிலைக் கொண்டுவந்து முன்னால் வைத்தான். 'அக்காவுக்குத் தெரிய வேணாம் அத்தான். அந்த மூணு பாத்திக்கு மட்டும் ஒரு அடி அடிச்சிரலாம். பாக்கவே பாவமா இருக்கு' என்றான். கொஞ்ச நேரம் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பிறகு எடுத்து அவன் வண்டிப் பையிலேயே போட்டேன். கோபித்துக்கொண்டு டீ குடிக்காமலே போய்விட்டான். நீ ஒரு போன் போட்டுச் சமாதானம் செய்.

இனி உனக்குப் பிடித்த செய்தி. இன்று காலை ஆறாம் பாத்தியில் ஒரு தூரும் ஐந்தில் ஒரு தூரும் பிடுங்கி, வாய்க்காலில் அலசிப் பார்த்தேன். ஆறின் வேர் என் முழங்கை வரை வந்தது. வெள்ளை வெளேரென்று, நுனியெல்லாம் பொடி வேர். ஐந்தின் வேர் ஒரு சாண்கூட இல்லை. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரிலேயே நின்றுவிட்டேன். இலையில் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கை வேர் மண்ணில் கசியவிடுகிறது, அதைத் தின்றுதான் நாற்பத்தேழு வேரிலேயே குடியிருக்கிறது என்று எழுதியிருந்தாயே. நான் உரம் போட்டேன், தண்ணீர் கட்டினேன், களை பறித்தேன். எல்லாம் நான் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாமல் கீழே இப்படி ஒரு குடும்பமே நடந்திருக்கிறது. கண்ணில்லை, காதில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எப்படித் தெரிகிறது அதற்கு? உன் இயக்குநர் அம்மாவிடம் கேட்டு எழுது. நிஜமாகவே கேட்கிறேன்.

வாயாடிக்குச் செருப்பு சின்னதாகிவிட்டது, புதிது வாங்கியாயிற்று. தலை பின்னிவிட இன்னும் எனக்கு வரவில்லை. ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயுமாகப் போகிறாள். பள்ளிக்கூடத்தில் யாரோ கேட்டதற்கு இதுதான் புது மோஸ்தர் என்று சொல்லிவிட்டாளாம்.

ரேடியோவின் செய்திகளைப் பொய்யாக்கக் காத்திருக்கும்,
உன் கணவன்


நட்ட எழுபத்து மூன்றாம் நாள்

அன்புள்ள மனைவிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

கதிர் வெளிவரத் தொடங்கியிருக்கிறது. முந்தாநாள் மாலை மூன்றாவது தெளிப்பு முடிந்தது. முதலில் தண்ணீர்ப் பாத்திகள், பிறகு நாற்பத்தேழு. தெளிப்பானை மூன்று தடவை கழுவி வைத்தேன். மறுபடியும் மூடுபனி விழுகிறது. இனி கழுத்தில் நோய் விழாமல் இருக்க வேண்டும். கதிரின் கழுத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வாயாடிக்குக் கணக்கில் நல்ல மதிப்பெண். ரேடியோவின் வயலில் இலை நிறைய கருகிவிட்டது, பாவம். அவர் இப்போது கிண்டல் செய்வதில்லை.

வேறு விசேஷம் இல்லை. நான் ஏன் இரண்டு நாளாக யாரிடமும் கத்தவே இல்லை, காய்ச்சலா என்று வாயாடி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

இப்படிக்கு,
கணவன்


நட்ட தொண்ணூற்றொன்பதாம் நாள்

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

நானும் மகளும் நலம். போன கடிதத்தைப் படித்துவிட்டு, 'அப்பாவுக்கு என்னாச்சு, பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர் எழுதுற மாதிரி எழுதியிருக்காரு' என்று வாயாடியிடம் போனில் கேட்டாயாம். சரியாகத்தான் பிடித்தாய். அது கடிதமே இல்லை. எழுத வேண்டியதை எழுதாமல் இருப்பதற்காக எழுதியது. இப்போது எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டுத் திட்டு.

எழுபத்தோராம் நாள் மாலை. நாற்பத்தேழுப் பாத்திகள் மூன்றுக்கும் தெளித்து முடித்தபோது தொட்டியில் கொஞ்சம் கரைசல் மிச்சம் இருந்தது. மிச்சத்தை எருக்குழியில் கொட்டிவிட வேண்டும் என்பது உன் உத்தரவு. எருக்குழிக்குத்தான் கிளம்பினேன். போகும் வழியில் ஐந்தாம் பாத்தி. இலையெல்லாம் புள்ளி விழுந்து, கண்ணாக விழித்துக்கொண்டு, அந்த நிலையிலும் கதிர் விட ஆரம்பித்திருந்தது. உறைக்குள்ளிருந்து கதிர் நுனி எட்டிப்பார்க்கிறது. எனக்குத் தாங்கவில்லை. மூன்று பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டு நாலாவதை வாசலில் நிறுத்தி வைத்த மாதிரி இருந்தது. மடை பக்கமிருந்து உள்ளே இறங்கி அடிக்க ஆரம்பித்தேன். பாதிப் பாத்தி வந்ததும் தெளிப்பான் காற்றை ஊதியது. தொட்டி காலி.

வீட்டில் இன்னொரு பொட்டலம் இருந்தது. எடுத்து வந்து கரைக்கக் கால் மணி நேரம்கூட ஆகாது. வரப்பில் ஏறி உட்கார்ந்தேன். அப்போதுதான் உறைத்தது. ஐந்தாம் பாத்தி தேறிவிட்டால் ஆறுக்கும் ஐந்துக்கும் வித்தியாசம் தெரியாது. மூன்று ஜோடி இரண்டாகிவிடும். திட்டத்தை மூடிவிடுவார்கள். நீ வந்துவிடுவாய். பயிர் மேல் பாவப்பட்டு அடித்தேனா, நீ வர வேண்டும் என்று அடித்தேனா? இருபத்தெட்டு நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. இரண்டும் ஒரே தொட்டியில் கலந்து இருந்தது போலிருக்கிறது.

பொட்டலத்தை எடுக்கப் போகவில்லை. நீ சொன்னது நினைவுக்கு வந்து, கை நின்ற இடத்தில் ஒரு குச்சியை மட்டும் நட்டேன். உனக்கு எழுதத் துணிச்சல் வரவில்லை.

நேற்று மதிப்பெண் அம்மா வந்தார்கள். உங்கள் இயக்குநர் அம்மா அனுப்பிய, பாத்தி பாத்தியாக நோயை எண்ணிக் குறித்துக்கொண்டு போகிறவர்களை நான் அப்படித்தான் கூப்பிடுகிறேன். ஒன்றும் இரண்டும் வித்தியாசம் தெளிவு. மூன்றும் நான்கும் தெளிவு. ஐந்துக்கு வந்ததும் குழம்பிப் போனார்கள். 'ஒரு பாதி ஒரு மாதிரியும் மறுபாதி வேற மாதிரியும் இருக்கே. வாய்க்கால் தண்ணிதான் காரணமோ என்னவோ. இந்த ஜோடியக் கணக்குலேருந்து எடுத்துட வேண்டியதுதான்' என்றார்கள். இந்தக் குச்சி எதற்கு என்று கேட்டார்கள். காக்கா உட்காருவதற்கு என்று சொல்லிவிட்டேன். எழுதிக்கொண்டார்கள். என் பொய் அந்த நோட்டில் அழகான கையெழுத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

அவர்கள் போன பிறகு ஐந்தாம் பாத்திக்குள் இறங்கினேன். அதுவரை நான் ஒழுங்காகப் பார்க்கவே இல்லை. பார்க்கப் பயமாக இருந்ததால் வரப்போடு வரப்பாகப் போய்விடுவேன். நேற்று பகல் வெளிச்சத்தில், குச்சிக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. குச்சிக்கு அந்தப் பக்கம் கதிர்கள் கழுத்து கருத்து, ஒடிந்து, மணி பிடிக்காமல் வெளுத்துத் தொங்குகின்றன. இந்தப் பக்கம் அதே விதை, அதே நாளில் நட்டது, இலையில் அதே பழைய புள்ளிகள், ஆனால் கதிர்கள் மணி கனத்துத் தலை குனிந்து நிற்கின்றன. இரண்டுக்கும் இடையில் ஒரு முழம்கூடத் தள்ளிப் போகவில்லை. என் கை எங்கே நின்றதோ அங்கே நிற்கிறது நோய். தெளிப்பானை வீசி வீசி அடித்ததில் கோடு லேசாக வளைந்திருந்தது. அந்த வளைவுகூட அப்படியே இருக்கிறது. உன் தட்டில் நக அகலத்துக்குப் பார்த்ததை, இடுப்பளவுப் பயிரில் பார்த்தேன். எனக்குக் கை கூப்பத் தோன்றியது. யாரைப் பார்த்துக் கூப்புவது? மண்ணையா, வாளியையா, உன்னையா? சேற்றில் அப்படியே நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். வெயில் ஏறி உச்சிக்கு வரும் வரைக்கும் வெளியே வர மனமில்லை.

ஒரு மிச்சக் கரைசல். கொட்ட வேண்டிய கரைசல். அதில் இருந்தவை போய் ஒவ்வொரு கதிரின் கழுத்திலும் உட்கார்ந்து, பனியிலும் தூறலிலும் இத்தனை நாள் காவல் காத்திருக்கின்றன. நான் அவற்றுக்கு ஒரு நல்லதும் செய்ததில்லை. போன வருஷம் வரை உன் தம்பி கடை விஷத்தை வருஷத்துக்கு நாலு தடவை அவற்றின் தலையில் கொட்டியவன் நான்.

பள்ளிவிட்டு வந்ததும் வாயாடியைக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். வீட்டுக்கு ஓடி அளவு நாடாவை எடுத்து வந்தாள். மடையிலிருந்து குச்சி வரை பதினோரு மீட்டர். குச்சியிலிருந்து கடைசி வரப்பு வரை பன்னிரண்டே கால். இரண்டு பக்கமும் நூறு நூறு கதிர் எண்ணினோம். தெளித்த பக்கம் கழுத்து ஒடிந்தது பதினெட்டு. தெளிக்காத பக்கம் அறுபத்தொன்று. அவள் ஒரு தடவை, நான் ஒரு தடவை, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணினோம். வேறு தாளில் தேதி, நேரம், எவ்வளவு கரைசல், எங்கே தொடங்கினேன், எங்கே நின்றேன், மதிப்பெண் அம்மாவிடம் சொன்ன பொய் வரை எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அதை அப்படியே இயக்குநர் அம்மாவிடம் கொடு. ஐந்தாம் பாத்தியைக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டாம், அதை இரண்டாகப் பிரித்துப் பார்க்கச் சொல். ஒப்புக்கொள்வார்களோ மாட்டார்களோ, அறிவியல் சட்டம் எனக்குத் தெரியாது. தேவைப்பட்டால் அறுவடையை ஒரு வாரம் தள்ளி வைக்கிறேன், அவர்களே நேரில் வந்து அந்தக் கோட்டைப் பார்க்கட்டும். பார்த்தவர்கள் யாரும் இதை மூடச் சொல்ல மாட்டார்கள்.

இதை எழுதாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அடுத்த மாதம் பஸ்ஸிலிருந்து நீ பெட்டியோடு இறங்கியிருப்பாய். நேற்று சேற்றில் நின்றபோதே அந்தப் பெட்டி என் கண்ணில் வந்துவிட்டுப் போனது. ஆனால் ரேடியோவின் வயலையும் பார்த்தேன். மொத்தக் கதிரும் வெளுத்துப் போய், மனுஷன் வரப்பில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அவரைப் போல எத்தனை பேர்? அவர்களுக்கு இருக்கும் ஒரே வழி உன் தட்டில் இருக்கிறது. அதை வீட்டுக்குள் பூட்டி வைத்துக்கொள்ள நான் யார்?

இரண்டு வருஷம்தானே. தலை பின்னுவதை இதற்குள் கற்றுக்கொண்டுவிடுவேன். உன் தம்பி நேற்று மாலை வந்து கோட்டைப் பார்த்தான். இரண்டு பக்கமும் ஒவ்வொரு கதிரைப் பறித்துக் கசக்கிப் பார்த்தான். போகும்போது, இந்தப் பொடியை எப்போது விற்பனைக்குத் தருவார்கள் என்று கேட்டான். கடைக்காரன் கடைக்காரன்தான்.

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் கைபட்டதெல்லாம் பெருக வேண்டும். இன்னும் எத்தனையோ வயலில் உன்னால் கதிர் தலை சாய வேண்டும். இதை மனதாரச் சொல்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வாயாடி பின்னால் வந்து நின்று, 'அம்மா எப்ப வருவாங்கன்னு கேட்டு எழுதிட்டீங்களாப்பா?' என்றாள். எழுதிவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். எழுதவில்லை. எழுதவும் மாட்டேன். எழுதினால் அங்கே உனக்கு வேலை ஓடாது. ஆனால் பெற்ற பிள்ளையிடம் பொய் சொன்னவன் என்று என்னை ஆக்கிவிடாதே. நான் கேட்டதாகவே நினைத்துக்கொண்டு ஒரு பதில் எழுது. கடிதத்தை நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்டுவேன், எனக்கும் காதில் விழும்.

எப்போதும் உன்,
கணவன்